லூல்கந்துரையின் முதல் ஸ்டோர்

(கலஹாவில் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தேயிலையின் வரலாறு என்றால் பிள்ளைகள் ஒரே மூச்சில் ஒப்புவிப்பார்கள்: ஜேம்ஸ் டெய்லர், லூல்கந்துர, 1867, 19 ஏக்கர். பரீட்சைக்கு அது போதும். நமக்குப் போதாது. லூல்கந்துர தூரத்து ஊரல்ல, தெல்தோட்டை தாண்டினால் வரும் மலை. இந்த நாட்டுத் தேயிலைத் தொழில் நமது அயலில்தான் பிறந்தது.

அதன் முதல் ஸ்டோர் எது தெரியுமா? துரையின் பங்களா வராந்தா. அங்கே மேசை போட்டு, கொழுந்தை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கொடுத்துக் கையாலேயே உருட்டினார்கள். களிமண் அடுப்பில் கரி நெருப்பு மூட்டி, கம்பித் தட்டில் பரப்பிக் காய்ச்சினார்கள். தனி ஸ்டோர் எழும்பியது 1872இல்தான். மறுவருடம் லண்டனுக்குப் போன தூள் வெறும் 23 இறாத்தல். அதற்குள் கோப்பி இலையில் துரு நோய் விழுந்திருந்தது. கோப்பி அழிய அழிய, தேயிலை மலை மலையாக ஏறியது.

உருட்டிய முழங்கைகள் யாருடையவை? தமிழ்நாட்டிலிருந்து கடல் தாண்டி, காட்டு வழியே மாத்தளைப் பக்கம் நடந்து வந்த சனத்தினுடையவை.

1892இல் டெய்லரை வேலையை விட்டுப் போகச் சொன்னார்கள். (40 வருடம் உழைத்த துரைக்கே அந்தக் கதி!) அவர் போகவில்லை. கொஞ்ச நாளில் வயிற்றோட்டத்தில் இறந்தார். 24 தொழிலாளர்கள் இரண்டு குழுவாகப் பிரிந்து, நான்கு மைலுக்கு ஒருதரம் தோள் மாற்றி, பெட்டியைக் கண்டிக்குச் சுமந்தார்கள். மஹியாவ மயானத்தில் அவர் கல்லறையில் பெயர் இருக்கிறது. சுமந்தவர்களில் ஒருவர் பெயரும் நான் படிப்பிக்கும் புத்தகத்தில் இல்லை. டெய்லர் மேல் எனக்குக் கோபமில்லை. அந்த 24 பேரைத் தேடாதவர்கள் மேல்தான்.

தொழிற்சாலைக்காகவே உண்டான ஊர்கள் வேறு நாடுகளிலும் உண்டு. ஜெர்மனியில் வொல்ஃப்ஸ்பர்க் 1938இல் கார் தொழிற்சாலைக்காகக் கட்டப்பட்டது. யுத்த காலத்தில் அங்கே கைதிகளையும் பிற நாட்டவரையும் வலுக்கட்டாயமாக வேலை வாங்கினார்கள். அந்தக் கம்பெனி பல வருடங்களுக்குப் பிறகு, 1999இல், அவர்களுக்காகத் தொழிற்சாலைக்குள்ளேயே ஒரு நினைவிடம் திறந்தது. தானாக அல்ல, கேட்டவர்கள் இருந்தார்கள்.

நமக்கும் கேட்க ஆள் வேண்டும். இதே ஹேவாஹெட்டைப் பக்கம், முல்லோயா தோட்டத்தில் 1940 ஜனவரியில் சம்பள உயர்வுக்காக வேலைநிறுத்தம் நடந்தது. பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் இறந்தார். விசாரணை ஆணைக்குழுவில் தொழிலாளர் பக்கம் நின்று வாதாடியவர் கொல்வின் ஆர். டி சில்வா. ஒரு பெயராவது நமக்கு மிஞ்சியதற்குக் காரணம், அன்று தோட்டத்தில் சங்கம் இருந்தது.

ஆகவே ஒரு வேலை. வீட்டு டிரங்குப் பெட்டியில் தாத்தா பாட்டியின் பழைய துண்டு, சம்பளச் சீட்டு, சங்கச் சந்தா ரசீது, படம் எது கிடந்தாலும் எடுத்து வாருங்கள். பார்த்துக் கொப்பியில் எழுதிக்கொண்டு கையோடு திருப்பித் தருவோம். காகிதம் இல்லாதவர்கள் வாயால் சொல்லுங்கள்: எந்த லயம், எந்தக் கங்காணியின் பெரட்டு, ஸ்டோரில் என்ன வேலை. பெயரை முழுதாகச் சொல்லுங்கள், பெண்களின் பெயரை முதலில்.