குழந்தைகளின் காவலும் வாலிபரின் பிழைப்பும்
(கள்ளக்குறிச்சியில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வராயன் மலையிலும் அதன் அடிவாரத்திலும் உள்ள வாலிபர்கள் ஆசிரியராகவும், விடுதிக் காப்பாளராகவும், சமையற்காரராகவும் பள்ளிகளில் அமர விரும்புவது இயல்பே. அன்னார் கடக்க வேண்டிய வாயில் ஒன்றுண்டு. போக்சோ சட்டத்தின் கீழ் 2020-ஆம் ஆண்டில் ஏற்பட்ட விதிகளின்படி, குழந்தைகளோடு பழகும் ஸ்தாபனங்கள் யாவும் தம் ஊழியர் ஒவ்வொருவரைப் பற்றியும் போலீஸ் விசாரணை செய்வித்தல் கட்டாயமாகும். இதனை நாம் மனமார வரவேற்கிறோம். விடுதியில் உறங்கும் குழந்தை நம் குழந்தையே அன்றோ!

நிற்க. அவ்விசாரணையில் பழைய வழக்கொன்று தென்பட்டு உத்தியோகம் மறுக்கப்படின் செய்யத்தக்கது யாது? சாராய வழக்குகள் இம்மலைக்குப் புதியன அல்ல. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பின்னர், மலைமக்களின் வாழ்க்கை நிலையைச் சென்னை ஹைக்கோர்ட்டு தானே முன்வந்து விசாரிக்கலாயிற்று. வறுமையால் பத்தொன்பது வயதிற் சாராயக்கேன் சுமந்தவனும், குழந்தையிடம் தீங்கிழைத்தவனும் ஒரே தராசில் நிறுக்கத் தக்கவரோ? பின்னவனுக்கு வாயில் என்றும் திறவலாகாது. முன்னவனுக்கோ, அவன் செய்கை, அன்றைய வயது, அதன்பின் ஒழுகிய ஒழுக்கம் ஆகியவற்றை ஆராய்ந்த பின்னரே விடை கூறவேண்டும்.

சுப்ரீம் கோர்ட்டு அவதார் சிங் வழக்கில் 21-7-2016-இல் இதனைத் தெளிவாக்கிற்று. கேட்ட விவரத்தை மறைத்தல் கூடாது. அற்பமான இளமைக் குற்றமாயின், மறைத்ததையும் அதிகாரி மன்னிக்கலாம். உண்மையை உரைத்தவனாயினும் அவனை நியமித்தே தீரவேண்டுமென்ற கட்டாயமில்லை. எனினும் அதிகாரி மனஞ்செலுத்தி ஆராய்தல் வேண்டும் என்பது அதன் சாரம். மேலும், 2015-ஆம் ஆண்டின் சிறுவர் நீதிச் சட்டப்படி, 18 வயதுக்குட்பட்ட பருவத்துக் குற்றம் பிற்காலத்தில் தகுதிக்கேடாகாது. 16 நிரம்பியவர் பெரியவராக விசாரிக்கப்பட்ட கொடிய குற்றங்களே இதற்கு விலக்கு.

இங்கிலாந்தில், குழந்தைகளிடையே பணிபுரியத் தடைசெய்யப்பட்டோர் முறையிடத் தனித் தீர்ப்பாயம் உண்டு. நம் தேசத்து விதிகளில் அத்தகைய ஏற்பாடில்லை. ஆகவே மாநில அரசாங்க உத்தியோகம் மறுக்கப்பட்டவர் அரசியல் சட்டத்தின் 226-ஆம் பிரிவின்படி ஹைக்கோர்ட்டையே நாடவேண்டும். அங்கு நீதிபதி அதிகாரியின் ஆசனத்தில் தாமே அமர்ந்து உத்தியோகம் வழங்குவதில்லை. காரணம் கூறப்பட்டதா, உரிய விஷயங்கள் ஆராயப்பட்டனவா என்பதையே நோக்குவர். குறைகாணின் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்புவர்.

1871-ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம் பிறப்பைக் கொண்டே மாந்தரைக் குற்றவாளியென எண்ணிற்று. சென்னை மாகாணத்தில் 1947-இல் அவ்வகைச் சட்டம் ஒழிந்தது. ஒழிந்த அவ்வெண்ணம் 'இன்ன மலையான், இன்ன குலத்தான்' என்னும் ஐயமாக விசாரணைத் தாளிற் புகலாகாது. அவ்வாறே, 'நம்மவன்' என்னும் அபிமானத்தால் தீயவன் ஒருவனுக்கு நாம் நற்சாட்சி கூறுதலும் ஆகாது.

ஆதலின் வாலிபர்களே! விண்ணப்பத்தில் உண்மையை மறையாது எழுதுங்கள். விடுதலைத் தீர்ப்பின் நகலைப் பத்திரப்படுத்துங்கள். மறுப்பு வரின் காரணத்தை எழுத்து மூலம் கேளுங்கள். காலதாமதமின்றி வக்கீலை அணுகுங்கள். வழக்காட வசதியில்லாதார்க்குச் சட்ட உதவி ஆணைக்குழு உண்டு. அவர்களை அங்கு அழைத்துச் செல்வது நம் சங்கத்தாரின் கடமையாகும்.