ஊர் வழக்கும் ஒருவர் சாட்சியமும்

பட்டம் பெறும் இளைய நண்பர்களே!

நீங்கள் அணிந்திருக்கும் கறுப்பு அங்கி நம் நாட்டு வெயிலுக்குச் சற்றும் பொருந்தாததாயினும், இச்சபையில் அதைக் களைந்துவிட எவரும் துணியமாட்டார். மாலைக்குள் அந்தக் கோலமே உங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்களில் பிரகாசிக்கும் என்பதிலும் எனக்கு ஐயமில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. சட்டமும் தண்டனையும் இல்லாமலே மனிதரை நடத்திச் செல்லும் சக்தி சமூக வழக்கத்துக்கு உண்டு என்பதற்கு இவ்விழாவே பிரத்தியட்சப் பிரமாணம்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஷெட்லாண்ட் தீவுகளில் தங்கி, அங்கிருந்த விடுதியின் பணியாளர்கள் சமையற்கட்டில் ஒருவிதமாகவும் விருந்தினர் உண்ணும் கூடத்தில் வேறுவிதமாகவும் பழகியதைக் கூர்ந்து நோக்கிய எர்விங் காஃப்மன் என்னும் சமூகவியல் அறிஞர், மனித வாழ்விலும் அரங்கம் வேறு, அணியறை வேறு என்பதை 1956-இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கினார். இது கபடமன்று, தோழனிடம் பேசுவதைத் தந்தையிடம் பேசாதிருப்பது மரியாதை. ஆனால் கைப்பேசித் திரைக்கு முன்னே சித்தப்பாவும், பள்ளித் தோழியும், பேராசிரியரும், நாளை வேலை தரப்போகிறவரும் ஒரே சபையாக வீற்றிருக்கின்றனர். அத்தனை பேருக்கும் உகந்த ஒரு முகத்தைக் காட்ட விழைகிறவர் துக்கத்தையும் தோல்வியையும் மறைத்து வைபவங்களை மட்டுமே வெளியிட, அவற்றைக் காண்போர் தம் வாழ்வு மட்டுமே குறையுடையதென மயங்கி, தாமும் அவ்வாறே செய்யத் தலைப்படுகின்றனர். முன்பெல்லாம் ஊரார் மெச்சியதை யாரும் எண்ணி வைத்ததில்லை. 2009-இல் ஃபேஸ்புக் லைக் பொத்தானை அமைத்தபின், அந்த மெச்சுதல் எல்லோரும் பார்க்கும் எண்ணிக்கையாகிவிட்டது.

பலர் கருத்தின் பாரம் எத்தகையது என்பதை சாலமன் ஆஷ் என்னும் உளவியலார் 1951-இல் வெளியிட்ட பரிசோதனையால் அறியலாம். மூன்று கோடுகளில் எது மாதிரிக் கோட்டுக்குச் சமம் என்று கேட்டு, முன்னரே ஏற்பாடு செய்யப்பட்ட பலரைத் தவறான விடை சொல்ல வைத்தபோது, உண்மை கண்ணெதிரே நின்றும், பரிசோதனைக்கு உட்பட்டவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் ஒரு முறையேனும் பொய்க்கு இசைந்தனர். ஆயினும், அக்கூட்டத்தில் ஒரேயொருவர் சரியான விடையைச் சொன்ன மாத்திரத்தில் அவ்வாறு இசைவது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைந்துபோயிற்று. பெரும்பான்மையின் பலம் பெரும்பாலும் நம் தனிமையுணர்ச்சியிலேயே தங்கியிருக்கிறது; அதைக் கலைக்க ஒரு சாட்சி போதும்.

நம் சரித்திரமும் இதையே கூறும். பெயருக்குப் பின் சாதிப்பட்டம் இடுவதே கௌரவம் என்றிருந்த காலத்தில், 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு அப்பட்டங்களைத் துறக்கவேண்டும் என்று தீர்மானித்தது. சிலர் தொடங்கியது பலரின் பழக்கமாகி, இன்று தமிழ்நாட்டில் தலைப்பெழுத்தும் பெயருமே போதும் என்பது இயல்பாகிவிட்டது. எனினும், பாட்டனார் துறந்த பட்டத்தைப் பேரன் இணையத்தில் தானே தேடி எடுத்துத் தன் பெயரோடு ஒட்டிக்கொள்வதையும் காண்கிறோம். நல்வழக்கங்களும் ஒவ்வொரு தலைமுறையும் பேணினாலன்றி நிலைப்பதில்லை.

ஆகவே, வழக்கங்கள் அனைத்தையும் எதிர்க்குமாறு நான் உபதேசிக்க வரவில்லை. வரிசையில் நிற்பதும், துக்கவீட்டில் குரல் தாழ்த்துவதும் பிறர் மனம் நோகாமல் காக்கும் வழக்கங்களே. எந்த வழக்கம் ஒருவருடைய மானத்தை விலையாகக் கேட்கிறதோ, அதற்கு மட்டும் இசையாதீர்கள். உங்கள் குடும்பக் குழுவில் ஒரு பெண்ணின் உடையைப் பழித்தோ, ஒரு சமூகத்தாரை இழித்தோ செய்தி வந்து, அனுப்பியவர் மூத்தவர் என்பதற்காக எல்லோரும் கைகூப்பும் சின்னம் இடும்போது, “மாமா, மன்னிக்க வேண்டும், இது சரியில்லை” என்று பணிவோடு ஒரு வரி எழுதுங்கள். உங்களுக்கு லைக் கிடைக்காது. சிலர் வருந்தவும் கூடும். ஆனால் அக்குழுவில் அதுவரை வாய்திறவாமல் இருந்த தங்கையோ தம்பியோ, தம்மைப் போல் நினைப்பவர் இன்னொருவர் உண்டென்று அறிந்துகொள்வார். நீங்கள் பெற்ற கல்விக்கு அதைவிடச் சிறந்த பிரயோஜனம் எனக்குத் தோன்றவில்லை.