பேசாத பத்து நாள்கள்

(குறுவள மையக் கூட்டத்தில் கணித ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இசையைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சிலர் சிரித்தீர்கள். சிரிக்கலாம். எனக்குப் பாடத் தெரியாது, ராகம் பிரித்துச் சொல்லவும் தெரியாது. நான் கணக்கு டீச்சர். குரல் போன கதையிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், அரையாண்டுத் தேர்வு நெருங்கிய நேரத்தில் என் தொண்டை கட்டிக்கொண்டது. மிளகுப் பால் குடித்துக்கொண்டே வகுப்பெடுத்தேன். ஒரு காலையில் காற்று மட்டும்தான் வந்தது. குரல்நாண் வீங்கியிருக்கிறது, பத்து நாள் வாயே திறக்கக்கூடாது என்றார் மருத்துவர். இருபது ஆண்டுகளாகக் கத்திக் கத்திப் பாடம் நடத்தியவளுக்கு அது தண்டனை போல இருந்தது.

மூன்றாம் நாள் என் மகன் காதொலிக் கருவியைக் கொடுத்து, "அம்மா, பாட்டு வேண்டாம், இதைக் கேளுங்க" என்றான். தாளம் இல்லை, சொல் இல்லை. ஒரு சுரம் எழுகிறது, கரைகிறது, சற்றுப் பொறுத்து இன்னொன்று வருகிறது. முதல் ஐந்து நிமிடம் எரிச்சலாக இருந்தது. பிறகு எப்போது கண்ணீர் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. துக்கம் என்று சொல்ல முடியாது. நெடுநாள் சுமந்த பையைக் கீழே வைத்தது போல இருந்தது.

இந்த இசைக்கு ஆம்பியன்ட் என்று பெயர். சூழலிசை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். இதற்குப் பெயர் சூட்டிப் பரப்பியவர் பிரையன் ஈனோ என்ற ஆங்கிலேயர். 1975 தொடக்கத்தில் ஒரு விபத்தில் அடிபட்டு அவர் வீட்டில் படுத்திருந்தார். பார்க்க வந்த தோழி ஓர் யாழிசைத் தட்டைக் கொடுத்துச் சென்றார். சிரமப்பட்டு எழுந்து அதை ஓடவிட்டுப் படுத்த பிறகுதான் ஒலி மிகக் குறைவாக இருப்பது அவருக்குத் தெரிந்தது. ஒரு பக்க ஒலிபெருக்கியும் வேலை செய்யவில்லை. மறுபடி எழுந்துபோய்க் கூட்டிவைக்கத் தெம்பில்லை. வெளியே மழை. மழைச் சத்தத்துக்கு நடுவே யாழின் சில சுரங்கள் மட்டும் தலைகாட்டின. இசையை அறையின் வெளிச்சம் போல, மழை போல, சூழலின் ஒரு பகுதியாகவும் கேட்கலாம் என்று அன்று அவருக்குப் பட்டது. அதே ஆண்டு 'டிஸ்கிரீட் மியூசிக்' வந்தது. 1978-இல் 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' உருவானது. கவனித்துக் கேட்டாலும் சரி, கவனிக்காமல் விட்டாலும் சரி, இரண்டுக்கும் இடம் தர வேண்டும் என்பதே அவர் வைத்த இலக்கணம்.

அதில் இருக்கும் கணக்கு என்னைப் பிடித்துக்கொண்டது. அந்தத் தொகுப்பின் ஒரு பகுதியில் பெண் குரல்கள் சொல் இல்லாமல் ஒவ்வொரு சுரத்தை மட்டும் இசைக்கின்றன. ஒவ்வொன்றும் வெவ்வேறு நீளமுள்ள ஒலிநாடா வளையத்தில் சுற்றிச் சுற்றி வருகிறது. எடுத்துக்காட்டுக்கு 23, 26, 30 நொடிகள் என மூன்று வளையங்களை வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் ஒன்றாகத் தொடங்கினால் மறுபடி எப்போது ஒன்றாகத் தொடங்கும்? மீச்சிறு பொது மடங்கு 8970. ஏறத்தாழ இரண்டரை மணி நேரம்! மூன்றே சுரங்கள், ஆனாலும் அதுவரை அதே சேர்க்கை திரும்பாது.

இதை வகுப்பில் செய்து பாருங்கள். ஒரு வரிசை 3 எண்ணிக்கைக்கு ஒருமுறையும், அடுத்தது 4-க்கும், மூன்றாவது 5-க்கும் கை தட்டட்டும். 60-ஆவது எண்ணிக்கையில் மொத்த வகுப்பும் சேர்ந்து தட்டும்போது பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும். மீ.பொ.ம.வை நான் இவ்வளவு எளிதாக நடத்தியதே இல்லை.

இனி என் தவற்றைச் சொல்கிறேன். பணிக்குத் திரும்பியபோதும் குரல் முழுதாகத் தேறவில்லை. எட்டாம் வகுப்பை அடக்க முடியவில்லை. கைபேசியில் இந்த இசையை ஓடவிட்டு, "கண்ணை மூடுங்க, யாரும் பேசக்கூடாது" என்று கரும்பலகையில் எழுதினேன். வகுப்பு அடங்கியது. எனக்கு ஒரே மகிழ்ச்சி. மூன்று நாள் அப்படியே ஓட்டி, அந்நேரத்தில் நோட்டுத் திருத்தினேன். நான்காம் நாள் ஒரு மாணவி மேசையில் தலை கவிழ்த்துத் தேம்பினாள். "என்ன ஆச்சு? எதுக்கு அழுற?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவள் வாயே திறக்கவில்லை. இரண்டு நாள் பள்ளிக்கும் வரவில்லை.

பிறகு ஒருநாள் மதிய உணவு வேளையில் என் அருகே வந்து நின்று சொன்னாள்: "எங்க பாட்டி இருந்தப்போ ராத்திரி வீடு இப்படித்தான் அமைதியா இருக்கும் டீச்சர்." வளர்த்த பாட்டி இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. வருகைப் பதிவேட்டில் தினமும் அவள் பெயரைப் படித்த எனக்கு அது தெரியாது.

சொல் இல்லாத இசை, கேட்பவர் மனத்தில் இருக்கும் சொல்லைக் கிளறிவிடும். எனக்கு இறங்கிய சுமை அவளுக்கு ஏறியது. அதை நான் வாயடைக்கும் கருவியாகப் பயன்படுத்தியதுதான் தவறு.

இப்போதும் வாரம் ஒருநாள் நான்கு நிமிடம் கேட்கிறோம். சில விதிகள் வைத்திருக்கிறேன். ஒலி குறைவாக, வெளியே வேப்பமரத்துக் காகமும் கேட்கும் அளவில் இருக்க வேண்டும். கண்ணை மூடுவது அவரவர் விருப்பம். வேண்டாம் என்பவர்கள் வராந்தாவில் உட்கார்ந்து படம் வரையலாம். முடிந்ததும் "என்ன தோன்றியது?" என்று யாரையும் எழுப்பிக் கேட்பதில்லை. எழுத விரும்புகிறவர்கள் ஒரு வரி எழுதுவார்கள். நானும் பேனாவை வைத்துவிட்டு அவர்களோடு உட்கார்ந்து கேட்கிறேன்.

இதனால் மதிப்பெண் கூடியதா என்று கேட்பீர்கள். நான் அளக்கவில்லை, ஆகவே கூடியது என்று சொல்ல மாட்டேன். நான் பேசும் சத்தம் குறைந்திருக்கிறது. பிள்ளைகள் என்னிடம் வந்து பேசுவது கூடியிருக்கிறது. அந்த மாணவி முதல் சில வாரம் வராந்தாவில்தான் இருந்தாள். பிறகு ஒருநாள் தானே உள்ளே வந்து சன்னலோரம் உட்கார்ந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஒரே வேண்டுகோள். வகுப்பில் தொடங்கும் முன் வீட்டில் பத்து நிமிடம் நீங்கள் கேட்டுப் பாருங்கள். உங்களுக்குள் என்ன எழுகிறது என்று தெரிந்த பிறகு பிள்ளைகளிடம் போங்கள்.