கதிர் விழும் இடம்



தொண்டையில் புற்றுநோய் வந்து, ஊரில் 'கரன்ட் வைப்பது' என்று சொல்லும் கதிர்வீச்சு சிகிச்சைக்குப் போகிறவருக்கு எடுத்த எடுப்பில் கதிர் கொடுப்பதில்லை. முதல் வேலை மாஸ்க் எடுப்பது. விறைப்பான பிளாஸ்டிக் தகடு ஒன்றைச் சுமார் 70 டிகிரி வெந்நீரில் போடுகிறார்கள், அது துவண்டுபோகிறது. ஈரம் துடைத்து, சூடு தாங்கும் பதத்தில் முகத்தின் மேல் இழுத்து, இருபுறமும் பலகையில் மாட்டுகிறார்கள். சில நிமிடங்களில் மூக்கும் தாடையும் அச்செடுத்தபடி இறுகிவிடும். மூச்சுவிட அதில் நிறையத் துளைகள் உண்டு.

அந்த மாஸ்க்கோடுதான் சி.டி. ஸ்கேன். எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு கதிர் என்ற கணக்கெல்லாம் அந்தப் படத்தை வைத்தே. பிறகு பெரும்பாலும் வாரத்துக்கு 5 நாள் வீதம் 6, 7 வாரங்கள், நாள்தோறும் அவர் அதே மாதிரி படுக்க வேண்டும். சுவரிலிருந்து வரும் லேசர் கோடுகள் மாஸ்க்கில் போட்ட குறிகளோடு சேரும்வரை படுக்கையை இம்மி இம்மியாக நகர்த்துகிறார்கள்.

இத்தனை கெடுபிடி எதற்கு?

கட்டி தப்பிவிடக் கூடாதென்று சுற்றிலும் கொஞ்சம் நல்ல சதையையும் சேர்த்தே கதிர் வைப்பது வழக்கம். 4 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள உருண்டைக் கட்டிக்குச் சுற்றிலும் 1 சென்டிமீட்டர் விட்டால், கதிர் படும் கன அளவு கட்டியைப்போல் 3 மடங்கைத் தாண்டிவிடும். உடம்பு அசையாமல் இருந்து 5 மில்லிமீட்டர் போதுமென்றால் 2 மடங்குக்குள் அடங்கும். உமிழ்நீர்ச் சுரப்பியும் தண்டுவடமும் பக்கத்திலேயே இருக்கும்போது, இந்த வித்தியாசம் லேசானதல்ல.

சுவீடன் நரம்பியல் அறுவை நிபுணர் லார்ஸ் லெக்செல், மண்டையோட்டில் திருகாணியால் ஒரு சட்டத்தைப் பொருத்தி அசைவை நிறுத்தினார். 1968இல் ஸ்டாக்ஹோமில் மூளைக்குக் கதிர் வைக்கும் அவருடைய முதல் காமா நைஃப் இயந்திரம் வேலைக்கு வந்தது. மூளைக்கு அது சரி. மூச்சோடு ஏறி இறங்கும் நுரையீரலை எதைக்கொண்டு திருகுவது?

அதனால் இப்போது கதிர் இயந்திரத்திலேயே ஸ்கேன் கருவியும் இருக்கிறது. கதிர் வைக்குமுன் அன்றைய படத்தைப் பழைய படத்தோடு ஒப்பிட்டு, விலகியிருந்தால் படுக்கையைத் திருத்துகிறார்கள். இடப்பக்க மார்பகப் புற்றுநோயில் மூச்சை ஆழமாக இழுத்துப் பிடிக்கச் சொல்வதுண்டு. நுரையீரல் விரிந்து இதயம் விலகும். அந்தச் சில நொடிகளில்தான் கதிர்.

நோயாளி செய்ய வேண்டியதும் உண்டு. மாஸ்க்குக்குப் பதில் தோலில் குறி போட்டிருந்தால் அதைத் தேய்த்துக் கழுவக் கூடாது. உடம்பு இளைத்து மாஸ்க் தொளதொளவென்று ஆகிவிட்டால் உடனே சொல்லிவிட வேண்டும். தேவைப்பட்டால் புது மாஸ்க் எடுத்து, மறுபடி ஸ்கேன் செய்து, கணக்கையும் புதிதாகப் போட்டுத் தருவார்கள்.