நிழல் கறுப்பு இல்லை: விஆருக்குள்ள நம்ம முகம்

அரக்கோணத்துல இருந்து இன்னொரு எபிசோட். நடுவுல ட்ரெயின் ஹாரன் கேட்டா கண்டுக்காதீங்க. ஜங்ஷன் பக்கத்துல வீடு இருந்தா அதுதான் பேக்ரவுண்ட் மியூசிக்.

இன்னைக்கு ஒரே கேள்விதான். விஆர் ஹெட்செட்டுக்குள்ள நம்ம ஊர் முகங்கள் ஏன் சாம்பல் பூசின மாதிரி தெரியுது? என் ஃப்ரெண்ட் ஒருத்தன், நல்ல கறுப்பு, களையான முகம். ஒரு டெமோவுல தன்னோட அவதாரைப் பார்த்துட்டு, "டேய், இது நான் இல்லடா. நான் செத்துக் கிடந்தா இப்படித்தான் இருப்பேன்"னான். சிரிச்சோம். ஆனா யோசிச்சுப் பாருங்க. நாளைக்கு கிளாஸ், இன்டர்வியூ, கல்யாண வீடு எல்லாம் இதுக்குள்ள நடக்கப் போகுதுன்னா, அதுல நாம பிணக்களையோட நிக்கறது சின்ன விஷயமா?

"பிரைட்னஸைக் கூட்டு"ன்னு சட்டுனு ஒரு பதில் வரும். கூட்டினா முகம் வெளுக்கும். வெளுத்த முகமும் அவனோட முகம் இல்லையே.

முதல்ல காரணத்தைப் பார்ப்போம். ஹெட்செட் ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனி படம் வரையணும். நொடிக்கு 72 தடவைன்னு வச்சுக்கிட்டா, ஒரு தடவைக்கு கிடைக்கிற நேரம் சுமார் 14 மில்லி செகண்ட். அதுக்குள்ள நிஜமான நிழலைக் கணக்குப் போடறது கஷ்டம். அதனால ரெண்டு குறுக்கு வழி பழக்கத்துல இருக்கு. ஒண்ணு, எல்லா பக்கமும் சமமா ஒரு பொது வெளிச்சம். ரெண்டாவது, நிழல்னா கறுப்பைக் கலந்துடறது. முதலாவது முகத்தோட வடிவத்தை எடுத்துடுது, ரெண்டாவது நிறத்தை எடுத்துடுது. மிச்சம் இருக்கறதுதான் அந்த சாம்பல்.

வடிவம் எப்படிப் போகுதுன்னு தெரிஞ்சுக்க திருத்தணி போதும். மலைக்கு 365 படின்னு சொல்வாங்க இல்லையா? மேகமூட்டமான மதியத்துல கீழ இருந்து பாருங்க, படி எல்லாம் ஒரே சரிவா தெரியும். வெயில் பக்கவாட்டுல விழும்போது ஒவ்வொரு படியையும் எண்ணிடலாம். மூக்கு, கன்னம், தாடை எல்லாத்துக்கும் இதே கதைதான்.

ஓவியர்கள் இதை எப்பவோ பிடிச்சுட்டாங்க. ஐரோப்பாவுல இதுக்கு கியாரோஸ்குரோன்னு பேர். 1600 வாக்குல காரவாஜியோ வரைஞ்ச 'புனித மத்தேயுவின் அழைப்பு' ரோம்ல ஒரு சர்ச்சுல இருக்கு. இருட்டு அறை, வலது பக்கத்துல இருந்து சாய்வா ஒரு வெளிச்சம். அது யார் மேல விழுதோ அங்கதான் நம்ம கண் போகும். விஆருக்கு இது ரொம்ப முக்கியம். ஏன்னா அங்க ஃப்ரேமே கிடையாது, பார்க்கிறவர் எந்தப் பக்கம் வேணா திரும்பலாம். "இங்க பாரு"ன்னு சொல்ல நம்மகிட்ட இருக்கிற நல்ல கருவி வெளிச்சம்.

நம்ம பக்கம் வருவோம். ரவிவர்மா இந்த ஒளி நிழலை எண்ணெய் வண்ணத்துல கொண்டு வந்தார். 1894ல அச்சகம் ஆரம்பிச்சதும் அது நம்ம வீட்டுச் சுவர் வரைக்கும் வந்துடுச்சு. ஆனா அந்தப் படங்கள்ல சாமி முகங்கள் பெரும்பாலும் வெளுப்பு. அதே மாதிரி ஒளியை கறுப்புத் தோல் மேல ஆசையா விழ வச்சவர் ஓவியர் இளையராஜா. கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில படிச்சவர். 2021 ஜூன்ல கொரோனா அவரைக் கொண்டு போயிடுச்சு. கிராமத்து வீட்டுக்குள்ள பெண்கள், கதவு ஜன்னல் வழியா வர்ற வெளிச்சம். அவர் படத்துல முகத்தோட இருட்டுப் பக்கத்தை ஜூம் பண்ணிப் பாருங்க. கறுப்பைத் தேடினா அங்க பழுப்பும் செம்மண் நிறமும்தான் கிடைக்கும். தரையில, சுவர்ல, புடவையில பட்டுத் திரும்பி வர்ற ஒளி அது. நாம இதை பவுன்ஸ் லைட்னு சொல்றோம்.

இன்னொரு பாடம் தஞ்சாவூர் ஓவியத்துல இருக்கு. அதுல நிழல் கம்மி, ஆனா மேடு கட்டி ஒட்டின தங்க ரேக்கு இருக்கு. விளக்கு ஆடினா, இல்ல நாம தலையைத் திருப்பினா, அந்த மினுமினுப்பும் நகரும். தோலும் அப்படித்தான். கறுப்புத் தோல் உள்ளிருந்து திருப்பி அனுப்புற ஒளி குறைவு. ஆனா மேல்பரப்புல வர்ற பளபளப்பு எல்லாத் தோலுக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அதனால கறுப்பு முகத்துல வடிவத்தைக் காட்டுற வேலையை அந்தப் பளபளப்புதான் அதிகமா செய்யுது. அதை அணைச்சுட்டா முகமே அணைஞ்சுடும்.

சரி, எஞ்சின்ல என்ன செய்யலாம்? பொது வெளிச்சத்தை நல்லா குறைங்க. பக்கவாட்டுல ஒரே ஒரு முக்கிய விளக்கு வைங்க. அறையோட வெளிச்சத்தை முன்கூட்டியே கணக்குப் போட்டு பேக் பண்ணிடுங்க, பவுன்ஸ் அதுலயே வந்துடும். நடமாடுற அவதாருக்கு அந்த வெளிச்சம் போய்ச் சேரணும்னா லைட் ப்ரோப் வைங்க, அதுக்குச் செலவு கம்மி. சிவப்பு சிமெண்ட் தரை வச்சீங்கன்னா தாடைக்குக் கீழ தானா ஒரு கதகதப்பு வரும். பளபளப்பை மட்டும் பேக் பண்ண முடியாது, பார்க்கிற இடத்தைப் பொறுத்து அது மாறும். அதை ஓடும்போதே கணக்குப் போட விடுங்க. மிச்சம் பிடிச்ச மில்லி செகண்டை செலவு பண்ண வேண்டிய இடம் இதுதான். நெத்தியும் மூக்கு நுனியும் கன்னத்தைவிட கொஞ்சம் கூடுதலா மினுங்கட்டும்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்க. சாயங்காலம் ட்யூப்லைட்டை அணைச்சுட்டு, ஒரே ஒரு ஜன்னலைத் திறந்து, அம்மாவையோ பாட்டியையோ பக்கத்துல உட்கார வைங்க. ஃபோனை எடுக்காதீங்க, அதுவே வெளிச்சத்தைத் திருத்திடும். வெறும் கண்ணால இருட்டுப் பக்கத்துக் கன்னத்தைப் பாருங்க. அங்க எத்தனை நிறம் தெரியுதுன்னு எண்ணி எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல அதையெல்லாம் வாசிச்சுட்டு மேல பேசுவோம்.