அளவறிந்து கேட்டல்



சமூக ஊடகங்களில் வெளியாகும் செய்திகளை நாம் கைத்தொலைபேசியிற் கண்ணாற் படிக்கின்றோம். அதே செய்திகளைக் கணினிச் செய்நிரல் ஒன்றும் கேட்டுப் பெறலாம். அவ்வாறு கேட்பதற்கென நிறுவனம் திறந்து வைத்திருக்கும் வாயிலையே ஏ.பி.ஐ. என்பர். மனிதன் ஒரு நிமிடத்திற் சில பக்கங்களையே புரட்டுவான். செய்நிரலோ ஒரு விநாடியில் நூற்றுக்கணக்கான கோரிக்கைகளை அனுப்ப வல்லது. அதனைக் கட்டின்றி விட்டால், ஒருவனுடைய அவசரம் ஏனையோர் அனைவருக்கும் தடையாகிவிடும். குளத்து நீரை முறைவைத்துப் பாய்ச்சாவிடின் கடைமடை வயல் காய்வது போன்றதே இதுவும். ஆதலினாலேயே, இத்தனை நேரத்திற்கு இத்தனை கோரிக்கை என்னும் வரம்பு எழுந்தது.

இதற்குத் தக்க உதாரணம் டுவிட்டர். 2013ஆம் ஆண்டில் அந்நிறுவனம் கால அளவைப் பதினைந்து நிமிடக் கூறுகளாக வகுத்திருந்தது. ஒருவரைப் பின்தொடர்வோரின் அடையாள எண்களை அறிய, ஒரு கூற்றில் 15 கோரிக்கைகளே அனுப்பலாம். ஒவ்வொன்றுக்கும் 5,000 எண்கள் வரை கிடைக்கும். பத்து இலட்சம் பேர் பின்தொடரும் ஒருவருக்கு 200 கோரிக்கைகள் வேண்டும். அவற்றைப் பதினான்கு தவணைகளில் அனுப்பி முடிக்க மூன்றேகால் மணி நேரம் செல்லும்.

அப்பத்து இலட்சம் பேரின் விபரங்களையும் அறிய விரும்பினால் யாது செய்வது? இதற்கான வரம்பு ஒரு கூற்றுக்கு 180. ஒவ்வொருவராகக் கேட்டால் ஏறக்குறைய 58 நாட்கள் ஆகும். ஆனால் ஒரே கோரிக்கையில் நூறு பேரைச் சேர்த்துக் கேட்கவும் வழியிருந்தது. அவ்வாறு கேட்டால் பதினான்கு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். இரண்டிலும் வரம்பு ஒன்றே. கேட்கும் முறையே வேறு.

இதிலிருந்து சில விதிகளை நாம் பெறலாம். சேர்த்துக் கேட்கக்கூடியதைச் சேர்த்துக் கேட்க வேண்டும். ஒருமுறை பெற்றதைச் சேமித்து வைத்தல் வேண்டும். எஞ்சியுள்ள கோரிக்கைகள் எத்தனை, அடுத்த கூறு எப்போது தொடங்கும் என்பவற்றை ஒவ்வொரு மறுமொழியோடும் டுவிட்டர் அறிவித்தது. அத்தகைய அறிவிப்பை வாசித்து அதற்கேற்ப நடத்தல் வேண்டும். வரம்பு மீறினால் 429 என்னும் எண் விடையாக வரும். கோரிக்கைகள் மிகுந்துவிட்டன என்பதே அதன் பொருள். 2012இல் அது இணைய நியமங்களில் இடம்பெற்றது. அவ்வெண் வந்ததும் மீண்டும் மீண்டும் கதவைத் தட்டுதல் பேதைமை. காத்திருக்கும் நேரம் குறிக்கப்பட்டிருப்பின் அதுவரை பொறுக்க வேண்டும்; குறிக்கப்படாவிடின் ஒவ்வொரு தடவையும் இடைவெளியை இரட்டிப்பாக்க வேண்டும். அவ்விடைவெளியிற் சிறிது ஏற்றத்தாழ்வும் இருத்தல் நன்று. நூறு செய்நிரல்கள் ஒரே அளவு நேரம் காத்திருந்தால், நூறும் ஒரே கணத்தில் மீண்டும் வந்து நெருக்குமன்றோ!

ஆயினும், நேயர்களே, வரம்புகள் யாவும் ஒரு தன்மையன அல்ல. 2023 பெப்ரவரி 2ஆம் திகதி, தன் ஏ.பி.ஐ.யின் இலவச வாயிலைச் சில நாட்களில் மூடப்போவதாக டுவிட்டர் அறிவித்தது. அம்மாதம் 6ஆம் திகதி துருக்கியிலும் சிரியாவிலும் பெரும் பூகம்பம் நேர்ந்தது. இடிபாடுகளிற் சிக்கியோர் பற்றிய பதிவுகளைத் துருக்கியின் தொண்டர்கள் அவ்வாயில் வழியாகவே திரட்டிக் கொண்டிருந்தனர். எதிர்ப்பு எழுந்தது, மூடும் நாள் தள்ளிவைக்கப்பட்டது. எனினும், இலவசமாக வாசிக்கும் வசதி அவ்வாண்டிலேயே பெரும்பாலும் மறைந்தது. ரெடிற் நிறுவனமும் 2023 யூலையில், நிமிடத்துக்கு 100 கோரிக்கைகளை இலவச எல்லையாக்கி, அதற்கு மேற்பட்டவற்றுக்கு விலை வைத்தது. அக்கட்டணம் தாங்கவொண்ணாத அப்பல்லோ என்னும் செயலி யூன் 30ஆம் திகதியோடு நின்றது.

பகிர்ந்து உண்பதற்காக இடப்படும் வரம்பு ஒன்று. விற்பதற்காக இடப்படும் வரம்பு மற்றொன்று. முன்னையதற்கு அடங்கி நடத்தல் நம் கடமை. பல பெயர்களிற் கணக்குத் திறந்து அதனை ஏய்ப்பவன் தன் அயலானின் பங்கையே எடுத்துக்கொள்கின்றான். பின்னையதை நிறுவனத்தின் உரிமை என்று கொண்டாலும், உயிர் காக்கும் பணியும் ஆராய்ச்சியும் அதன் ஓர் அறிவித்தலால் நின்றுபோகுமாறு விட்டுவிடுதல் முறையாகாது. பொதுப்பணிக்கெனச் செய்நிரல் எழுதும் இளைஞர், முதல்நாளிலேயே வரம்பை அறிந்து திட்டமிடுக. அவ்வாயில் அடைபட்டால் வேறு வழி யாதென்பதையும் அன்றே சிந்தித்து வைத்துக்கொள்க.