புள்ளிகளில் ஒரு பெயர்
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பழங்குடிக் கலை என்றவுடன், அதைப் படைத்தவருக்குத் தனிப்பெயர் இல்லை என்று கருதிவிடுவது நம் வழக்கம். அவ்வழக்கத்தைக் கேள்விக்குள்ளாக்கியவர் பூரி பாய். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா மாவட்டத்துப் பிடோல் சிற்றூரில் பிறந்த பீல் இனப் பெண்.

பீல் மக்களிடையே பித்தோரா என்னும் சுவரோவியம் வெறும் அலங்காரமன்று. அது ஒரு நேர்த்திக்கடன். வேண்டுதல் நிறைவேறிய வீட்டின் சுவரில் குதிரைகள் அணிவகுக்கும். அவற்றை எழுதும் உரிமை மரபுப்படி ஆண்களுக்கே உரியது. பெண்களுக்கு வாய்த்தவை வீட்டின் மண்சுவரும் காவியும் இலைச்சாறும் கரியுமே.

1982-இல் திறக்கப்பட்ட போபால் பாரத் பவனின் கட்டுமானப் பணியில் சித்தாளாக இருந்தார் பூரி பாய். அதன் ரூபங்கர் கலைக்கூடத்தை உருவாக்கிய ஓவியர் ஜே. சுவாமிநாதன், சிம்லாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். ஊர்ச்சுவரில் எழுதுவதைத் தாளில் எழுதித் தருமாறு அவர் கேட்டார். கல் சுமந்த கை தூரிகை பிடித்தது. உட்கார்ந்து படம் எழுதுவதற்குக் கூலியைவிட அதிகப் பணமா என்று தாம் வியந்ததைப் பூரி பாய் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

இங்கே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. சடங்குக்குரிய பித்தோராவை அவர் தாளுக்குக் கொண்டுவரவில்லை. விலக்கப்பட்ட எல்லைக்கு வெளியே காடு, மயில், குடிசை, திருவிழா எனத் தமக்கென ஓர் உலகைக் கண்டார். பின்னர் பேருந்தும் விமானமும் அவ்வுலகில் இடம்பெற்றன. உருவங்களை நிரப்பும் புள்ளிகள் பீல் ஓவியத்தின் பொதுச்சொத்து. ஆயினும் அவற்றை அடுக்கும் முறை ஒவ்வொருவருக்கும் வேறு. புள்ளியைக் கண்டே எழுதியவரை அறியலாம். அதுவே கையொப்பம்.

1986-இல் மாநில அரசின் சிகர் சம்மான், 2021-இல் பத்மஸ்ரீ ஆகிய விருதுகள் அவரைத் தேடி வந்தன. எனினும் சுவரிலிருந்து தாளுக்கு வந்ததில் இழப்பும் உண்டு. மழையில் கரையும் சுவர், மீண்டும் மீண்டும் எழுதுமாறு கையை அழைக்கும். விற்றுப்போன தாளோ திரும்பி வருவதில்லை. ஆனால் அந்தத் தாள் இல்லையேல் பூரி பாய் என்னும் பெயரும் நம்மை எட்டியிராது.

கவிஞர்களே, மரபு நமக்குப் புள்ளிகளைத் தரும். அவற்றை அடுக்கும் முறையைத் தராது. அதை நாமே கண்டடைய வேண்டும். பத்தாண்டு கண்ட இவ்வட்டத்தின் முன் இவ்வொரு கருத்தை வைத்து அமைகிறேன்.